சைபீரிய ரயிலுக்குக் காசு போட்டவர்கள்

மாஸ்கோவில் யாரோஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் புறப்பட்டு, விளாடிவாஸ்டாக் துறைமுகத்தில் போய் முடியும் ரயில் பாதையின் நீளம் 9,288 கிலோமீட்டர். சாதாரண ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஏழு நாள். ஊர் ஊராக நின்று சுற்றிக் காட்டும் சொகுசு ரயில்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். காஸான், யெகாடெரின்பர்க், நோவோசிபிர்ஸ்க், இர்குட்ஸ்க், பைகால் ஏரி, உலான் உடே என்று வரிசையாகப் பழம்பெரும் ஊர்கள் வரும். 2007 முதல் இந்தப் பாதையில் ஓடிய 'கோல்டன் ஈகிள்' ரயிலில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை உண்டு. மாலையில் பியானோ வாசிப்பார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் மேலைநாட்டு நிறுவனங்கள் ரஷ்யாவுக்குள் இந்தப் பயணங்களை நிறுத்திவிட்டன.

நம் வளாகத்தில் மாலை நடைக்குப் பிறகு பெஞ்சில் கூடும் கூட்டத்தில் ஒருவர் இந்த ரயிலின் பழைய வீடியோவைக் காட்டினார். எல்லோரும் டிக்கெட் விலையைத்தான் கேட்டார்கள். லெட்ஜரோடு காலம் தள்ளியவன் நான், எனக்கு வேறு கேள்வி எழுந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டிலும் சதுப்பிலும் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பாதை போட யார் காசு கொடுத்தார்கள்? கொடுத்த காசு திரும்பி வந்ததா? தேடிப் படித்ததை நம் காலாண்டு மலருக்காக எழுதியிருக்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1900ஆம் ஆண்டு பாரிஸுக்குப் போவோம். அங்கே உலகக் கண்காட்சி நடக்கிறது. ரஷ்யப் பகுதியில் நிஜ ரயில் பெட்டிகளையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஐரோப்பா முழுதும் படுக்கை வசதி ரயில்களை நடத்திய வாகான்-லீ கம்பெனியின் பெட்டிகள் அவை. நூலகம், புகைபிடிக்கும் அறை, முடிதிருத்தும் அறை, உடற்பயிற்சிக்கு ஒரு இடம், பளிங்குக் குளியல் தொட்டி, பியானோ எல்லாம் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஓவியத் திரைகள் பல அடுக்காக ஓடும். கிட்டே உள்ள அடுக்கில் கல்லும் மணலும் வேகமாகப் பறக்கும். அடுத்த அடுக்கில் புதர்கள் சற்று மெதுவாக நகரும். கடைசித் திரையில் மலையும் ஊரும் ஆடி அசைந்து போகும். உட்கார்ந்திருப்பவருக்கு ரயில் ஓடுவதாகவே தோன்றும். மாஸ்கோவில் ஏறி முக்கால் மணி நேரத்தில் பெய்ஜிங்கில் இறங்கலாம், வாசலில் சீனப் பரிசாரகர் வரவேற்பார். சினிமா பிறந்து ஐந்தே வருஷம் ஆன காலம் அது. கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்த வருஷம் அந்தப் பயணத்தை யாரும் நிஜத்தில் போய்வர முடியாது. பாதை முடியவே இல்லை. பைகால் ஏரியைச் சுற்றித் தண்டவாளம் கிடையாது. மஞ்சூரியா வழியாகச் சீனாவுக்குப் போக வேண்டிய பகுதி பாதிக் கட்டுமானத்தில் இருந்தது. அந்தக் கோடையில் சீனாவில் வெடித்த பாக்ஸர் கலகத்தில் போட்ட தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். இல்லாத பயணத்துக்கு ஏன் பாரிஸில் இவ்வளவு செலவில் ஒரு காட்சி? ஷேர் வெளியீட்டுக்கு முன் பளபளப்பான காகிதத்தில் கம்பெனிகள் புத்தகம் அச்சடித்துக் கொடுக்குமே, அந்த ஜாதிதான் இந்த ரயிலும் என்பது என் கருத்து. பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர்களில் பலர் பயணிகள் அல்ல, கடன் கொடுத்தவர்கள்.

இதற்குப் பின்னால் இருந்தவர் செர்கெய் விட்டே. ஒதேசா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் வேலையைத் தொடங்கியவர். கவுண்டரில் தொடங்கி நிதி அமைச்சர் வரை போனவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன். அவர் வாழ்க்கையைத் திருப்பியதும் ஒரு சொகுசு ரயில்தான். மூன்றாம் அலெக்சாண்டர் ஜாரின் அரச ரயில் மிகவும் கனமானது. அதை அவ்வளவு வேகத்தில் ஓட்டினால் தடம் புரளும் என்று தென்மேற்கு ரயில்வே நிர்வாகத்தில் இருந்த விட்டே எச்சரித்தார். அரசவைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1888 அக்டோபரில் வேறொரு பாதையில், போர்கி என்ற இடத்தருகே, அந்த ரயில் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஜார் குடும்பம் உயிர் தப்பியது. எச்சரித்த ஆளைக் கூப்பிட்டு, அடுத்த வருஷமே நிதி அமைச்சகத்தில் ரயில்வே பிரிவைக் கொடுத்தார்கள். 1892 ஆகஸ்டில் விட்டே நிதி அமைச்சர்.

அதற்கு முந்தைய வருஷமே வேலை தொடங்கியிருந்தது. பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் இந்தியா, இலங்கை, சயாம், சீனா, ஜப்பான் என்று சுற்றிவிட்டு 1891 மே மாதம் விளாடிவாஸ்டாக்கில் இறங்கினார். வழியில் ஜப்பானில் ஒரு போலீஸ்காரன் வாளால் வெட்டியதில் தலையில் காயம். அந்தக் காயத்தோடு தள்ளுவண்டியில் மண்ணைக் கொட்டிக் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்தார். அதே 1891இல் வோல்கா ஆற்று மாநிலங்களில் பயிர் கருகிக் கொடும் பஞ்சம் வந்தது. பசியிலும் காலராவிலும் சுமார் நான்கு லட்சம் பேர் இறந்தார்கள். பஞ்சம் தெரிய ஆரம்பித்த பிறகும் தானிய ஏற்றுமதியை நிறுத்த அரசு தாமதித்தது. அந்நியக் கடனுக்கு வட்டி கட்டத் தங்கம் வேண்டும், தங்கம் வர தானியம் போக வேண்டும்.

முதல் மதிப்பீடு 35 கோடி ரூபிள். அரசாங்க எஸ்டிமேட்டுகள் எங்கும் ஒன்றுபோலத்தான். மஞ்சூரியப் பகுதியையும் சேர்த்தால் முடிவில் நூறு கோடி ரூபிளுக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் சிக்கனமாகவே கட்டினார்கள். ஒற்றைப் பாதை, ஐரோப்பிய ரஷ்யாவில் போடுவதைவிட மெல்லிய தண்டவாளம், சிறு ஆறுகளுக்கு மரப்பாலம். தண்டனையில் கழிவு கொடுத்துக் கைதிகளைக் கொண்டு பாறை உடைத்தார்கள். பாரிஸில் பளிங்குத் தொட்டி, சைபீரியாவில் அடிக்கடி தடம் புரளும் வண்டி. பெரிய ஆறுகளின் பாலங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கிராஸ்நோயார்ஸ்க் ஊரில் யெனிசெய் ஆற்றின்மேல் கட்டிய பாலம் அதே பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது.

இப்போது காசுக்கு வருகிறேன். இந்தப் பாதைக்கென்று தனி உண்டியல் வைக்கவில்லை. அரசுக் கஜானாவிலிருந்துதான் செலவு. கஜானாவுக்குள் விழுந்த பணத்தில் எது தண்டவாளத்துக்குப் போனது, எது பீரங்கிக்குப் போனது என்று பிரிக்க முடியாது. ஆனால் உள்ளே வந்த வழி தெரியும். ஒன்று, ஏழைகள் வாங்கும் சர்க்கரை, தீக்குச்சி, மண்ணெண்ணெய் மீது வரி. இரண்டு, 1895 முதல் விட்டே மாநிலம் மாநிலமாகக் கொண்டுவந்த அரசு மதுக்கடை. வோட்கா விற்பனை முழுதும் அரசு கையில். அரசு வருமானத்தில் கால் பங்குக்கு மேல் அதிலிருந்தே வந்தது. நமக்கு விளக்கத் தேவையில்லாத ஏற்பாடு. மூன்று, வெளிநாட்டுக் கடன், அதிலும் முக்கியமாக பிரெஞ்சுக் கடன்.

ரஷ்யா முன்பு ஜெர்மனியில்தான் கடன் வாங்கியது. 1887இல் பிஸ்மார்க் ஒரு உத்தரவு போட்டார். ரஷ்யக் கடன்பத்திரங்களை அடமானமாக வைத்து ஜெர்மன் மத்திய வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்றார். ஒரு நகையை எந்த வங்கியும் அடகு வாங்காது என்று தெரிந்தால் அதைக் கடையில் யார் வாங்குவார்கள்? ரஷ்யப் பத்திரங்கள் பெர்லினை விட்டு பாரிஸுக்கு நகர்ந்தன. 1888 டிசம்பரில் 50 கோடி பிராங்க் கடன், வட்டி 4 சதவீதம். பிரெஞ்சு அரசின் சொந்தப் பத்திரம் 3 சதவீதம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சதவீத வித்தியாசம் எத்தனை பேரை இழுக்கும் என்பது வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். கால் சதவீதத்துக்காக டெபாசிட்டை உடைத்து வேறு இடத்தில் போட்டவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

ஒரு பத்திரம் 500 பிராங்க். ரஷ்யன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பல மொழிகளில் அச்சு, இரட்டைத் தலைக் கழுகு முத்திரை, கீழே சிறு சிறு கட்டங்களாக வட்டிக் கூப்பன்கள். தேதி வந்ததும் கத்தரிக்கோலால் ஒரு கட்டத்தை வெட்டி வங்கியில் நீட்டினால் காசு. வருஷத்துக்கு 20 பிராங்க். பெயர் எழுதாத பத்திரம், கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர். வாங்கியவர்களில் பெரும் பணக்காரர்கள் மட்டுமில்லை, விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், சிறு கடைக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள், கணவனை இழந்த பெண்களும் இருந்தார்கள். பிரான்ஸில் சுமார் 15 லட்சம் பேரிடம் ரஷ்யப் பத்திரம் இருந்ததாகக் கணக்கு. பெரிய வங்கிகளே தங்கள் கிளைகளில் வைத்துக் கூவிக் கூவி விற்றன, கமிஷன் நல்ல கமிஷன். அரசும் ஆதரித்தது, ஜெர்மனிக்கு எதிராக ரஷ்யா கூட்டாளி அல்லவா.

இன்னொரு விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. பாரிஸில் ரஷ்ய நிதி அமைச்சகத்தின் பிரதிநிதியாக இருந்த அர்தூர் ரஃபலோவிச், ரஷ்யப் பத்திரங்களைப் பற்றி நல்லபடி எழுதுவதற்காகப் பிரெஞ்சுப் பத்திரிகைகளுக்குப் பணம் கொடுத்துவந்தார். யாருக்கு எவ்வளவு என்று மேலிடத்துக்கு ஒழுங்காகக் கடிதமும் எழுதினார். புரட்சிக்குப் பிறகு அந்தக் கடிதங்கள் சிக்கி, 1923-24இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் நாளேடான லூமானிதே அவற்றைத் தொடராக வெளியிட்டது. அவ்வளவு பணமும் கடன் வாங்கிய பணத்திலிருந்தே போயிருக்கும் என்பதுதான் வேடிக்கை. வாசகன் கொடுத்த காசிலேயே வாசகனை ஏமாற்றச் செய்தி வாங்கியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை தலைகீழ். 1850களில் இங்கே ரயில் போட்ட கம்பெனிகளின் பங்குதாரர்கள் லண்டனில் இருந்தார்கள். ஐந்து சதவீதம் வரை அவர்களுக்கு உத்தரவாத வருமானம். லாபம் குறைந்தால் மிச்சத்தை இந்தியர் கட்டிய வரியிலிருந்து நிரப்பினார்கள். அங்கே காசு போட்டவர் தோற்றார், இங்கே போடாதவர் கட்டினார்.

பாதையால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சொகுசு ரயில் நின்று காட்டும் நோவோசிபிர்ஸ்க், ஓப் ஆற்றில் பாலம் கட்ட வந்த தொழிலாளர் குடிசைகளிலிருந்து 1893இல் பிறந்த ஊர். இன்று சைபீரியாவிலேயே பெரிய நகரம். பாலத்துக்கு நல்ல இடம் என்று பொறியாளர்கள் அங்கே தேர்ந்தெடுக்க, பல்கலைக்கழகமே வைத்திருந்த பழைய டோம்ஸ்க் நகரம் கிளைப் பாதையோடு ஓரமாய் நின்றுவிட்டது. 1906க்கும் 1914க்கும் இடையில் மட்டும் முப்பது லட்சம் பேர் அளவில் நிலம் தேடி சைபீரியா போனார்கள்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வெண்ணெய்க் கதை. சைபீரியாவில் கோதுமை மலிவு. அது மேற்கே வந்தால் தங்கள் விலை விழும் என்று ஐரோப்பிய ரஷ்ய நிலப்பிரபுக்கள் பயந்தார்கள். அவர்களுக்காக 1896இல் செல்யாபின்ஸ்க் ஊரில் ஒரு கட்டண முறிவு வைத்தார்கள். ரயிலில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் அல்லவா? சைபீரிய தானியம் செல்யாபின்ஸ்க் வந்ததும் பழைய தூரத்தை மறந்துவிட்டு, முதல் கிலோமீட்டரிலிருந்து புதிதாகக் கணக்குப் போட வேண்டும். கிழக்கிலிருந்து வந்தால் லாபம் போய்விடும். சைபீரிய விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? எடை குறைவு, விலை அதிகம் உள்ள ஒரு சரக்குக்கு மாறினார்கள். மாடு வளர்த்து, கூட்டுறவுச் சங்கம் வைத்து, வெண்ணெய் எடுத்து, குளிரூட்டிய பெட்டிகளில் பால்டிக் துறைமுகங்களுக்கு அனுப்பினார்கள். லண்டன் வரை போனது. 1910இல் சைபீரியாவைப் பார்த்துவந்த பிரதமர் ஸ்டாலிபின், அங்கே தங்கச் சுரங்கங்கள் தருவதைப்போல இரு மடங்கு தங்கத்தை வெண்ணெய் கொண்டுவருகிறது என்று எழுதினார்.

பைகால் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுப்பாதை முடியும்வரை ரயில் பெட்டிகளையே ஏற்றிப் போகப் பனியுடைக்கும் கப்பல் ஒன்றை இங்கிலாந்தின் நியூகாசிலில் செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து ஏரிக்கரையில் பூட்டினார்கள். 1904இல் ஜப்பானோடு போர் வந்தபோது கடும் குளிரில் கப்பல் உதவவில்லை. உறைந்த ஏரியின்மேலேயே தண்டவாளம் போட்டார்கள். சோதனைக்கு விட்ட இன்ஜின் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. பிறகு பெட்டிகளைக் குதிரை கட்டி இழுத்தார்கள். சொகுசு ரயில்கள் நீராவி இன்ஜின் பூட்டி அழைத்துப்போகும் பழைய கரையோரப் பாதை, ஏறக்குறைய நாற்பது சுரங்கவழிகளோடு அந்தப் போரின் அவசரத்தில் முடிந்தது. போரில் ரஷ்யா தோற்றது. கலவரமும் வந்தது. கஜானா காலியாகும் நேரத்தில் 1906 ஏப்ரலில் விட்டே பாரிஸை மையமாக வைத்து 225 கோடி பிராங்க் கடன் திரட்டினார். அதுவரை உலகில் எந்த நாடும் வாங்காத பெரிய கடன் என்றார்கள். சில நாட்களில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரஷ்ய மண்ணிலேயே போகும் அமூர் பகுதி முடிந்து, ஹபரோவ்ஸ்க் பாலம் திறந்தது 1916இல். அடுத்த வருஷம் ஜார் ஆட்சி இல்லை. 1918 பிப்ரவரி 3ஆம் தேதி, லெனின் அரசு ஒரு ஆணை பிறப்பித்தது. ஜார் அரசு வாங்கிய வெளிநாட்டுக் கடன்கள் அனைத்தும், விதிவிலக்கே இல்லாமல் ரத்து. உள்நாட்டில் சிறு தொகை வைத்திருந்த ஏழைகளுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. பிரெஞ்சு ஓய்வூதியக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை.

அதே வருஷம் ஜூலை 17 அதிகாலையில், விளாடிவாஸ்டாக்கில் முதல் மண்ணைக் கொட்டிய நிக்கோலஸ் தன் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு யெகாடெரின்பர்க் நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊருக்கு அவரைக் கொண்டுவந்ததும் ரயில்தான். சுட்ட வீட்டை 1977இல் இடித்துவிட்டார்கள். 2003 முதல் அங்கே ஒரு தேவாலயம் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகளை முதலில் அங்குதான் அழைத்துப்போகிறார்கள்.

காஸானில் மட்டும் சுற்றுலா வழிகாட்டி சொல்வதோடு நான் ஒன்று சேர்ப்பேன். 1552இல் இவான் பிடித்த கோட்டை, 2005இல் திறந்த குல் ஷரீஃப் மசூதி, டால்ஸ்டாயும் லெனினும் படித்த பல்கலைக்கழகம் எல்லாம் சரி. அங்கே அரசு வங்கியின் பெட்டகத்தில்தான், உலகப் போரில் பாதுகாப்புக்காகக் கொண்டுபோன ரஷ்யத் தங்க இருப்பில் பெரும் பகுதி இருந்தது. சுமார் 65 கோடி ரூபிள் மதிப்பு, 500 டன் அளவு. 1897இல் ரூபிளைத் தங்கத்தோடு இணைத்து, கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கை வர விட்டே காட்டிய தங்கம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 1918 ஆகஸ்டில் போல்ஷெவிக் எதிர்ப்புப் படை காஸானைப் பிடித்து அதை அள்ளியது. ஓம்ஸ்க் நகரத்தில் ஆட்சி நடத்திய அட்மிரல் கொல்சாக் கைக்குப் போயிற்று. ஆயுதம் வாங்க அதிலிருந்து பெட்டி பெட்டியாக விளாடிவாஸ்டாக் வரை இதே பாதையில் அனுப்பினார். வழியில் சீட்டாவில் செமியோனோவ் என்ற கொசாக் தலைவர் சுமார் 4.3 கோடி ரூபிள் தங்கத்தைப் பிடுங்கிக்கொண்டார். 1919 நவம்பரில் ஓம்ஸ்க் விழ, மீதித் தங்கத்தோடு கொல்சாக்கின் ரயில் கிழக்கே ஊர்ந்தது. 1920 ஜனவரியில் செக் படையினர் அவரை இர்குட்ஸ்க் நகரத்தில் ஒப்படைத்தார்கள். பிப்ரவரி 7 அன்று சுட்டுக் கொன்றார்கள். மார்ச்சில் போல்ஷெவிக்குகள் எண்ணி எடுத்துக்கொண்டது சுமார் 41 கோடி ரூபிள். மிச்சம் பைகால் ஏரியின் அடியில் கிடக்கிறது என்று இன்றும் கதை உண்டு. நான் நம்பவில்லை. 65இல் 41 போக 24 கோடி. அதை விற்றுச் செலவழித்ததற்கும் வழியில் போனதற்கும் பெரும்பாலும் கணக்கு இருக்கிறது.

பத்திரக்காரர்கள் விடவில்லை, சங்கம் வைத்தார்கள், வழக்கு போட்டார்கள். நலச் சங்கம் நடத்தும் நமக்கு அந்தப் பாடு புரியும். 1997இல் ஒரு வழியாக ரஷ்யா 40 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தாத்தா பாட்டியின் பத்திரங்களைக் கொண்டுவந்து பதிவு செய்தார்கள். பங்கு போட்டபோது கையில் வந்தது சொற்பம். சிலர் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பாரிஸில் சேன் ஆற்றின்மேல் தங்கச் சிலைகளோடு நிற்கும் மூன்றாம் அலெக்சாண்டர் பாலத்துக்கு 1896இல் அடிக்கல் நாட்டியவர் அதே நிக்கோலஸ். கண்காட்சிக்காக 1900இல் திறந்தார்கள், இன்றும் நன்றாக இருக்கிறது. பழைய ரஷ்யப் பத்திரங்களோ இப்போது சேகரிப்பாளர்களிடம் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அவற்றின் படங்களை இணையத்தில் பார்த்தேன். கழுகு அப்படியே இருக்கிறது. கூப்பன் கட்டங்களில் 1917 வரைக்கும் உள்ளவை ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கின்றன. 1918இலிருந்து உள்ளவை ஒன்றுகூடக் குறையாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.